பச்சை ராஜ்மா பொடியும் பீன்ஸ் தோல் கஷாயமும் சர்க்கரைக்குக் கேக்குமா?

ஆத்தங்கரை:
பச்சை ராஜ்மாவைப் பொடிச்சு வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் குடிச்சா சர்க்கரை இறங்கும்னு வாட்ஸ்அப்ல சுத்துது. பீன்ஸ் தோல் கஷாயமும் சொல்றாங்க. அவரைத் தோலும் ஆகுமா? அளவு தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

பொதிகைச்சாரல்:
பொடியைத் தொடவே வேண்டாம். பச்சை ராஜ்மாவுல லெக்டின்னு நச்சுப் புரதம் இருக்கு. நாலஞ்சு பயறே போதும், மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தியும் வயித்துப்போக்கும் ஆளைப் படுக்க வச்சிரும்.

பொடிக்குச் சொல்ற காரணம் முழுப் பொய் இல்ல. மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸைத் தடுக்கிற புரதமும் அதுல உண்டு. ஆனா நச்சு போற அளவு வேகவச்சா அதுவும் செத்துப்போகும். வெந்த ராஜ்மா செய்யிற நல்லது நார்ச்சத்தாலயும் மெதுவா செரிக்கிற மாவாலயும்தான். சோத்தைக் குறைச்சு அந்த இடத்துல சாப்பிடணும். சோத்துக்கு மேல சாப்பிட்டா கணக்கு தப்பிரும்.

ராஜ்மாவும் பீன்ஸும் ஒரே செடிதான். அவரை வேற செடி, அதனால பீன்ஸ் தோலுக்குச் சொல்றது அவரைத் தோலுக்குப் பொருந்தாது.

பாளை மூலிகை:
பீன்ஸ் தோலுக்கு வாரேன். ஐரோப்பாவுல மருந்தா வச்சிருக்கது முத்திக் காய்ஞ்ச நெத்தோட தோல். பாவூர்சத்திரம் சந்தையில வாங்குற பச்சைக் காய் இல்ல. மூலிகை மருந்துகளை ஆராய்ஞ்ச ஜெர்மனி அரசுக் குழு 'கமிஷன் இ' அதை ஏத்துக்கிட்டதும் மூத்திரம் பிரியத்தான், சர்க்கரைக்கு இல்ல. அளவு நாளுக்கு 5 முதல் 15 கிராம். தோலை நொறுக்கி 2.5 கிராம் எடுத்து, கொதிக்கிற தண்ணி ஒரு டம்ளர் ஊத்தி, 10 நிமிஷம் மூடி வச்சு வடிக்கணும். ஒரு பயறுகூட ஒட்டியிருக்கக் கூடாது. இந்த ஊறல்ல அது வேகாது. இருதயம், கிட்னி கோளாறால கால் வீங்கினவங்க டாக்டரைக் கேக்காம குடிக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிக்கிறது சுத்த மடத்தனம்.

ஆத்தங்கரை:
சரி அண்ணாச்சி. ராஜ்மாவுக்கு எத்தனை விசில்?

பொதிகைச்சாரல்:
8 மணி நேரம் ஊறவச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில 6 விசில். திசையன்விளைப் பக்கத்து உப்புப் போர் தண்ணின்னா அதுலயும் வேகாது. தண்ணியில உள்ள சுண்ணாம்புச்சத்து தோலை இறுக்கிரும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்க, இல்ல ஆத்துத் தண்ணி எடுங்க. புளி, தக்காளி எல்லாம் வெந்த பிறகுதான். விரல்ல நசுக்கினா நடுவுல கட்டி இல்லாம மாவாகணும். குக்கர் இல்லன்னா முதல்ல 30 நிமிஷம் தளதளன்னு கொதிக்கட்டும். சிறுதீயில கொதிக்காமலே கிடந்தா, 80 டிகிரி சூட்டுல நச்சு குறையாது, பச்சையா இருந்ததை விடக் கூடவும் செய்யும்.