ஐரோப்பாவில் தூதர் முறை 1648-இல்தான் ஆரம்பித்ததா?

நத்தம்ரோடு_வாசகன்
குரூப் 1-க்குப் படிக்கிறேன். நேற்று கோச்சிங்கில் சார், "ஐரோப்பாவில் தூதர் முறையே 1648 வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தத்தில்தான் ஆரம்பம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போயிருக்கிறார், குறளில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, நம்மிடம் இவ்வளவு பழசாக இருப்பது அங்கே 1648 வரைக்கும் இல்லாமலா கிடந்திருக்கும்? கலைஞர் நூலகத்தில் இரண்டு மணி நேரம் புரட்டினேன், பிடி கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லூர்_அக்கா
தம்பி, தூது போவது எல்லா நாட்டிலும் பழசுதான். போவார், சொல்வார், பதிலோடு திரும்புவார். ஔவையார் போனதும் அப்படித்தான். ஐரோப்பாவில் புதிதாக வந்தது என்னவென்றால், போன ஆள் திரும்பாமல் அங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டது. அது 1648-க்கு 200 வருஷம் முன்னாலேயே இத்தாலியில் வந்துவிட்டது.

பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா என்று ஒரு கூலிப்படைத் தலைவர், 1450-இல் மிலானைப் பிடித்துப் பிரபு ஆகிவிட்டார். பிடித்தாரே தவிர, மிலானுக்கு மேலதிகாரியான புனித ரோமப் பேரரசர் கடைசிவரை அவரை அங்கீகரிக்கவில்லை. பட்டம் செல்லாத ஆளுக்கு நாலு பக்கமும் கண்ணும் காதும் வேண்டுமா இல்லையா? அவருடைய ஆள் நிக்கோதேமோ 1446-லேயே புளோரன்ஸ் போய், ஏறத்தாழ 20 வருஷம் அங்கேயே இருந்தார். 1454-இல் மிலானும் வெனிஸும் சண்டையை நிறுத்திய லோதி சமாதானம் வந்த பிறகு மற்ற இத்தாலிய அரசுகளும் ஒன்றையொன்று நம்பாமல் இப்படியே ஆள் வைக்க ஆரம்பித்தன.

வெனிஸ்காரர்கள் இன்னும் கெட்டி. தூதர் மனைவியைக் கூட்டிப்போகக் கூடாது, ஊர்க்கதை பேசிவிடுவாராம். சமையல்காரரைக் கூட்டிப்போகலாம், இல்லாவிட்டால் அங்கே எவனாவது விஷம் வைத்துவிடுவான். (பெண்களைப் பற்றிய அந்த நினைப்புக்கு நான் பொறுப்பில்லை.)

மேலூர்_வக்கீல்
அக்கா சொன்னது சரி. ஆனால் ஆள் தங்க ஆரம்பித்ததும் அடுத்த தலைவலி: யார் முதலில்? இது நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். எங்கள் ஊர்க் கோயிலில் பரிவட்டம் முதலில் எந்தக் கரைக்கு (பங்காளி வகையறாவுக்கு) என்ற தகராறில் மூன்று வருஷம் திருவிழாவே நடக்கவில்லை, தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டுப் போட்டு அலுத்துப் போனோம்.

லண்டனில் 1661-இல் ஸ்வீடன் தூதர் வந்து இறங்குகிறார். ஊர்வலத்தில் அவருக்கு அடுத்து யார் வண்டி போவது என்று பிரான்ஸ் ஆட்களுக்கும் ஸ்பெயின் ஆட்களுக்கும் நடுத்தெருவில் வெட்டுக்குத்து. ஸ்பெயின்காரர்கள் முன்யோசனையோடு குதிரையை வண்டியில் பூட்டும் வாருக்குப் பதில் இரும்புச் சங்கிலி போட்டு வந்திருந்தார்கள், அறுக்க முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் குதிரைகள் செத்தன, ஆட்களும் செத்தார்கள், ஸ்பெயின் வண்டி முன்னால் போனது. பதினான்காம் லூயி விடுவாரா? போர் என்று மிரட்டி, இனிப் பிரெஞ்சுத் தூதரோடு இடத்துக்குப் போட்டி போடமாட்டோம் என்று அடுத்த வருஷமே ஸ்பெயினைச் சொல்ல வைத்தார்.

தீர்வு 1815 வியன்னா மாநாட்டில்தான் வந்தது, அதுவும் சப்பென்ற தீர்வு. ஒரே தரத்துத் தூதர்களில் யார் வந்ததாக முதலில் முறைப்படி தெரிவித்தாரோ அவர் முன்னால். ராஜா பெரியவரா, நாடு பெரிதா என்ற பேச்சே கிடையாது. இன்றைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். எங்கள் ஊருக்கு இது எடுபடாது, எல்லாருமே ஆதியில் வந்தவர்கள்.

நத்தம்ரோடு_வாசகன்
அப்போ 1648-க்கு ஒன்றுமே இல்லையா அண்ணே?

மேலூர்_வக்கீல்
இருக்கிறது, ஆரம்பமாக இல்லை. அதற்குள் தூதர்கள் பழகிப்போன சங்கதி. முப்பதாண்டுப் போரை முடிக்க இத்தனை நாடுகளின் பிரதிநிதிகள் வருஷக்கணக்கில் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசியதுதான் அங்கே பெரிய விஷயம். ஓரிடம் என்றுகூடச் சொல்ல முடியாது. புனித ரோமப் பேரரசரின் ஆட்கள் பிரான்ஸோடு ஜெர்மனியின் மூன்ஸ்டரில் பேசினார்கள், ஸ்வீடனோடு ஓஸ்னாபுரூக்கில். மதுரைக்கும் விருதுநகருக்கும் உள்ள தூரம்.

திருமங்கலம்_தம்பி
ஸ்பெயினின் புயெப்லாவை விட்டுவிட்டீர்களே! 1495-இலிருந்து லண்டனில் ஸ்பெயின் தூதர். சம்பளம் ஒழுங்காக வராது, மலிவான இடத்தில் தங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு இங்கிலாந்து அரண்மனைக்கே போய்விடுவாராம். மாட்டுத்தாவணிப் பக்கம் மேன்ஷனில் இருந்து படிக்கும் எனக்கு அவர்தான் தலைவர்.

நத்தம்ரோடு_வாசகன்
எல்லாருக்கும் நன்றி. இதைச் சாரிடம் எப்படிச் சொல்வது?

செல்லூர்_அக்கா
கிளாஸ் முடிந்து டீக்கடையில் வைத்துச் சொல். நடுக் கிளாஸில் எழுந்து சொன்னால் அதுவும் பரிவட்டப் பிரச்சினை ஆகிவிடும்.