மறு: மைக்கோரைசா – வேர்ப்பூஞ்சையா, பூஞ்சைவேரா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மண்ணிலிருந்து ஊட்டத்தைக் கொடுத்து மரத்திடம் சர்க்கரை வாங்கும் பூஞ்சையும் அந்த மரத்தின் வேரும் ஒன்றிய அமைப்பே மைக்கோரைசா. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நேற்று நீங்கள் சொன்ன ‘வேர்நட்புப் பூஞ்சை’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நாம் மொழிபெயர்க்கும் கட்டுரையிலேயே அது இடறுகிறது.

கட்டுரை பேசுவது கலிஃபோர்னியாவைப் பற்றி. லாஸ் ஏஞ்சலிஸின் வண்டிப்புகை கிழக்கே நகர்ந்து சான் பெர்னார்டினோ மலைக்காடுகளில் நைட்ரஜனாகப் படிகிறது. உரம் போட்டதுபோல் மண்ணில் நைட்ரஜன் மிகுந்தால், சர்க்கரையைக் கொடுத்துப் பூஞ்சையிடம் ஊட்டம் வாங்க வேண்டிய தேவை மரத்துக்குக் குறைகிறது. வாங்கியதற்கு ஈடாக ஒன்றும் தராத பூஞ்சையும் வேரில் ஒட்டியிருக்கலாம். அதையும் ‘நட்பு’ என்றா எழுதுவது? கலைச்சொல்லுக்குள் தீர்ப்பு கூடாது என்பது என் எண்ணம்.

‘வேர்ப்பூஞ்சை’ என்றால் உழவர் வேரழுகல் நோயைத்தான் நினைப்பார். உயிர் உரம் வாங்குவோர் அறிந்த ‘வேர் உட்பூசணம்’ நல்ல சொல். அதே மலையடிவாரத்தில் ரிவர்சைடு நகரப் பக்கத்துப் புதர்க்காட்டுக்கு அப்படியே பொருந்தும். அங்கே பூஞ்சை வேரின் செல்லுக்குள்ளேயே நுழைகிறது. நைட்ரஜன் கூடக்கூடப் பெரிய ஸ்போர் (விதைபோல் பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்) கொண்ட பூஞ்சை இனங்கள் அருகிச் சிறிய ஸ்போர் இனங்கள் பெருகியதும், நாட்டுப் புதர்களின் இடத்தை அயல்புற்கள் பிடித்ததும் அந்தப் பகுதியில்தான்.

மேலே பைன் மரங்களுக்கு வந்தால் ‘உள்’ பொய்யாகிவிடும். கொடைக்கானலில் ஒருமுறை பைன் சருகை விலக்கி ஒரு வேர்நுனியை லென்சில் பார்த்தேன். கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்து, தடித்து, வெள்ளை உறை போர்த்தியிருந்தது. எதுவரை பூஞ்சை, எங்கிருந்து வேர் என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. இழைகள் செல்களுக்கு இடையில் ஓடுமே தவிர உள்ளே போவதில்லை.

1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் ‘மைக்கோரைசா’ என்று பெயர் வைத்ததும் பூஞ்சையும் வேரும் சேர்ந்த இந்த இரட்டை உறுப்புக்குத்தான். மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்ற உணவுக் காளானை வளர்க்க வழி தேடப் போனவர் கண்டது இது. பூஞ்சை, வேர் ஆகிய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார், அவ்வளவே. நாமும் ‘பூஞ்சைவேர்’ என்போம். உட்பூஞ்சைவேர், புறப்பூஞ்சைவேர் என்று வகைகளும் தடையின்றி வருகின்றன.

ஒரே சிக்கல், அதிலுள்ள பூஞ்சையை மட்டும் சுட்டும்போது ‘பூஞ்சைவேர்ப் பூஞ்சை’ என்று இடிக்கிறது. அதற்கு ‘வேரிணைப் பூஞ்சை’ சரிவருமா? இணைந்திருப்பதை மட்டும் சொல்கிறது, நல்லது கெட்டது சொல்லவில்லை. இலங்கை நண்பர்கள் பூஞ்சையைப் ‘பங்கசு’ என்றே சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்றும் அறிய விரும்புகிறேன்.

திங்கட்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும். அதற்குள் எழுதுங்கள், ஐயா.