புதுப்பிப்பு: டிராக் காருக்கு ஆக்சிஜன் சென்சார் தேவையா?

டிராக்கில் (பந்தயத் தடத்தில்) மட்டும் ஓடும் கார், தனி ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி). புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சென்சார் இல்லாமலும் எஞ்சின் ஓடும். முழு த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது) ஈசியு எரிபொருள் மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று முன்பே பதித்த அட்டவணையை) வைத்தே பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. பழைய நேரோபேண்ட் சென்சார் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7:1க்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும்தான் சரியாகச் சொல்லும், முழு த்ராட்டிலில் பெட்ரோல் அதைவிட அதிகம் என்பதால் அங்கே அதற்கு வேலையே இல்லை. ஆனால் "நேரோபேண்டை எடுத்துவிட்டு வைட்பேண்ட் (பரந்த அளவில் விகிதத்தை அளக்கும் சென்சார்) போடுங்கள், லாக் (அளவீட்டுப் பதிவு) எடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் முழு லோடில் விகிதம் 12.8 அளவில் இருக்கும்படி ட்யூன் செய்தோம்.

எதிர்பாராதது இதுதான்: நேர்ப்பாதையில் அந்த விகித எண் அசையாமல் நிற்கிறது, நீண்ட வலது வளைவின் பாதியில் திடீரென்று 15க்கு மேல் தாவுகிறது, அதாவது பெட்ரோல் குறைகிறது. மேப்பில் குறை இல்லை. டேங்க் பாதிக்குக் கீழே போனதும் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. சர்ஜ் டேங்க் (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்கச் செய்யும் சிறு துணை டேங்க்) வைத்த பிறகு அந்தத் தாவல் லாகில் இல்லை. சென்சார் இல்லையென்றால், பெட்ரோல் குறைந்து சூடேறி பிஸ்டன் உருகிய பிறகுதான் தெரிந்திருக்கும்!

சென்சாரைப் பொருத்தும்போது: அதன் முனை கீழ்நோக்கி, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வாக இருக்கட்டும். ஈரம் தேங்கினால் உள்ளே இருக்கும் செராமிக் விரிசல் விடும். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல் ஊற்றுபவர்கள் சென்சாரை அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.