டோன் கண்ட்ரோலுக்குத் ‘தொனிக் கட்டுப்பாடு’ பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மின்கிதாரில் ஒலியின் கூர்மையைக் குறைக்கும் திருகான டோன் கண்ட்ரோல் சேர்ப்பது பற்றிய கையேட்டுக்காக, அதன் தமிழ்ப் பெயராக நம் குழுவில் இதுவரை ‘தொனிக் கட்டுப்பாடு’, ‘சுருதித் திருகு’, ‘மேற்சுரத் தணிப்பி’ ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அந்த உறுப்பு செய்யும் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவதே முறை என்று கருதுகிறேன்.

கிதாரின் பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்குறிகையாக (சிக்னலாக) மாற்றும், காந்தத்தைச் சுற்றிய, சில ஹென்றி தூண்டல் எண் கொண்ட சுருள். அதிலிருந்து வரும் குறிகை ஒலியளவுத் திருகை அடையும் இடத்தில் ஒரு கிளை பிரிந்து, 250 கிலோஓம் மாறுதடை (திருகினால் தடை மாறும் உறுப்பு) வழியாகவும், அதனோடு தொடராக இணைந்த 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாகவும் பொதுமுனைக்கு (கிரவுண்டுக்கு) செல்கிறது. இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் வகைப் பிக்கப்பானால் மாறுதடை பெரும்பாலும் 500 கிலோஓமாக இருக்கும். மின்தேக்கி உயர் அதிர்வெண்களுக்கு எளிதில் வழிவிடும், தாழ் அதிர்வெண்களைத் தடுக்கும். ஆகவே திருகைக் குறைக்கக் குறைக்க, உயர் அதிர்வெண்கள் பெருக்கியைச் சென்றடையாமல் இக்கிளையிலேயே கழிந்துவிடுகின்றன. முழுவதும் திறந்த நிலையில் கேட்பதைவிடக் கணீரென்று ஒலிக்கச் செய்ய இந்தச் சுற்றால் இயலாது. முழுவதும் மூடினால் இன்னொன்றும் நிகழ்கிறது: 2.5 ஹென்றி சுருளும் 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்து ஏறத்தாழ 680 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதால், மூக்கடைத்தாற்போன்ற ஒரு குரல் பிறக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் ‘சுருதித் திருகு’ உடனே விழுந்துவிடும். 82 ஹெர்ட்ஸில் அதிரும் ஆறாம் கம்பி, திருகு எந்நிலையில் இருந்தாலும் அதே சுருதியில்தான் பேசும். சென்னையில் சுருதி என்றால் தம்புராவும் கட்டைக் கணக்கும்தான் நினைவுக்கு வரும். கையேட்டைப் படிப்பவர் கம்பி முறுக்கும் முளையைத் தேடத் தொடங்கிவிடுவார்.

‘மேற்சுரத் தணிப்பி’ அறிவியல்படி சரியானது. பள்ளி இயற்பியல் நூல்களில் மேற்சுரம் என்ற சொல் அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேலுள்ளவற்றையே குறிக்கிறது. ஆனால் பாட்டுப் பயின்றவர் காதில் அது மேல் ஸ்தாயிச் சுரம் என்றே விழும். உயரத்தில் வாசிக்கும் சுரங்கள் மட்டும் மெலியும் என்று அவர் நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. உண்மையில் தாழ்ந்த சுரம் தரும் கம்பியின் ஒலியிலும் கூர்மை குறையும்.

‘தொனிக் கட்டுப்பாடு’ பழகிய சொல் என்று அதை முன்வைத்த ஐயாவின் வாதத்தை மதிக்கிறேன். இருப்பினும் நம் வழக்கில் தொனி என்பது பேச்சின் பாங்கு, குறிப்பால் உணர்த்தும் பொருள் என்ற பக்கமே சாய்கிறது. திருகின் மேல் அச்சிடும் பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும். சுற்றுப்படத்தில் உள்ள உறுப்புக்கு, செயலைச் சொல்லும் பெயர் வேண்டும்.

நான் முதலில் நாடியது ‘கூரொலி வடிகால்’. காதைக் குத்தும் ஒலியைக் கூரான ஒலி என்று சொல்வது நமக்கு இயல்பு, அது வடிந்து போகிறது என்ற விளக்கமும் தெளிவு. இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. கிதார் பழுதுபார்ப்போர் ‘ட்ரெபிள் பிளீட்’ என்று அழைக்கும் சுற்று ஒலியளவுத் திருகோடு இணைவது; ஒலியளவைக் குறைக்கும்போதும் உயர் அதிர்வெண்கள் மங்காமல் வெளியே செல்ல அது குறுக்குவழி தருகிறது. அதாவது ஏறத்தாழ எதிர்மாறான வேலை. ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் எவரும் அதற்கும் ‘வடிகால்’ என்றே வைப்பார், இரண்டு சுற்றுகளும் ஒரே கையேட்டில் மோதிக்கொள்ளும். எனவே டோன் கண்ட்ரோலைக் ‘கூரொலித் தணிப்பி’ என்றும், மற்றதைக் ‘கூரொலிக் கடவு’ என்றும் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘தணிப்பான்’ வேண்டாம், மின்தேக்கி, வடிகட்டி, பெருக்கி என்று இகரத்தில் முடியும் வரிசை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

மாறுதடையை ஆங்கிலத்தில் பொட்டன்ஷியோமீட்டர், சுருக்கமாகப் ‘பாட்’ என்பார்கள்; அது குறித்து ஒரு சொல். பாடநூலின் ‘மின்னழுத்தமானி’ அளக்கும் கருவியைக் குறிப்பது. இங்கே எதையும் அளக்கவில்லை. ‘மாறுதடை’ போதும். சென்னை ரிச்சி தெருவில் மின்னணுப் பொருள் வாங்குபவருக்காக, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் மாறுதடைக்குக் ‘கடைகளில் பாட் என்பது’ என்றும், மின்தேக்கிக்குக் ‘கண்டென்சர் என்பது’ என்றும் சேர்த்துவிடலாம்.

கையேட்டில் எடுத்துக்கொண்ட வேலையையே இச்சொற்களால் எழுதிப் பார்த்தேன். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிதாரில் கழுத்துப் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும் தணிப்பி உண்டு, கம்பிகளைத் தாங்கும் பாலத்தருகே இருப்பதற்கு இல்லை. அந்த அமைப்பைப் பின்பற்றும் கிதார்களுக்கான பத்தி இப்படி அமையும்:

“பாலப் பிக்கப்பின் ஒலி மிகக் கூராக இருந்தால், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சில் நடுப் பிக்கப்பின் கூரொலித் தணிப்பிக்குச் செல்லும் முனையையும், அதே வரிசையில் வெறுமனே இருக்கும் பாலப் பிக்கப்பின் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பற்றவைக்கவும். இனி ஒரே தணிப்பி இரண்டுக்கும் வேலை செய்யும். புதிதாகத் துளையிடவோ மாறுதடை வாங்கவோ தேவையில்லை.”

‘கடவு’ என்பதற்கு மாற்று இருந்தால் எழுதுங்கள். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘தணிப்பி’யை மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.