பிராக்கை யாரு தூக்கிட்டுப் போனது?

ரீல்பெட்டி:
சனிக்கிழமை ராத்திரி ஊரு டேவான்ல (பொது மண்டபத்துல) ‘இல்யூஷனிஸ்ட்’ கார்ட்டூன் படம் போட்டாங்க. போட்டவங்களுக்கு நன்றி, நாற்காலி தூக்கின பிள்ளைங்களுக்கும் நன்றி. ஆனா படம் முடிஞ்சதும் ஒரு தம்பி மைக்கைப் புடிச்சி, “பிரெஞ்சு இயக்குநர் ழாக் டாட்டி செத்து 28 வருஷம் கழிச்சி வந்த அவரோட கடைசிப் படம் இது”ன்னு சொன்னாரு. ரெண்டு நாளா அது காதுலயே நிக்குது.

டாட்டி 1982-ல கண்ணை மூடிட்டாரு. இந்தத் திரைக்கதைய அவரு எழுதினது 1950கள் கடைசியில. எடுக்காம பெட்டியில போட்டுட்டாரு. 2010-ல கார்ட்டூனா எடுத்தது சில்வேன் ஷோமேங்கற இன்னொரு இயக்குநர். டாட்டி எழுதினதுல ஒரு வயசான வித்தைக்காரனும் அவரோட ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு பொண்ணும் போய்ச் சேர்ற ஊரு செக் நாட்டு பிராக். படத்துல போய்ச் சேர்றது ஸ்காட்லாந்து எடின்பரோ. ஊரையே மாத்திட்டு “டாட்டி படம்”னு சொல்ல எப்படி வாய் வருது? பிராக் எங்க போச்சு? யாராவது பதில் சொல்லுங்க.

ஆத்தங்கரை:
அண்ணே, மைக்கைப் புடிச்ச தம்பி நான்தான். சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்கமாட்டேன்.

கேமராவைத் தூக்கிட்டு பிராக் போனா மழை, டிராம், சுவத்துக் கறை எல்லாம் தானா பதிஞ்சிடும். வரையற படத்துல எதுவும் தானா வராது. கறையைக்கூட ஒருத்தன் உக்காந்து கையால வைக்கணும். ஏறத்தாழ 80 நிமிஷப் படம், வினாடிக்கு 24 பிரேம். பெருக்கிப் பாருங்க, 115,200. ரெண்டு பிரேமுக்கு ஒரு படம்னு வரைஞ்சாலும் 57,600. பழகாத ஊரை அத்தனை தடவை வரைய முடியாது. ஷோமே எடின்பரோவுலயே ஸ்டூடியோ போட்டு, தினம் நடந்து போன தெருவை வரைஞ்சாரு. அதனாலதான் அந்த ஈரமும் வெளிச்சமும் நம்புற மாதிரி இருக்கு.

ரீல்பெட்டி:
ஜன்னலைத் தொறந்தா தெரியற ஊருதான் வேணும்னா சொந்தமா ஒரு கதை எழுதிக்க வேண்டியதுதானே. செத்தவரு கதை எதுக்கு? கேட்டது பிராக். நீங்க சொன்னது பெருக்கல் வாய்ப்பாடு.

செம்பனைக்காட்டான்:
அண்ணன் பிராக் போக டிக்கெட் எடுத்து வச்சிருந்தாரு போல, ஷோமே வந்து கேன்சல் பண்ணிட்டாரு. படத்துல அந்த முயலு என்னா அழகு, அதைப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது.

ரீல்பெட்டி:
செம்பனை, முயலைப் பத்தி நீ பேசு. போன வருஷம் கோயில் திருவிழாவுக்குப் படம் போட புரொஜெக்டர் எடுத்தப்ப நான் கட்டின 150 வெள்ளி (ரிங்கிட்) டெபாசிட் இன்னும் வரல, அதைப் பத்தியும் பேசு.

செம்பனைக்காட்டான்:
டெபாசிட்டு கமிட்டி கணக்குல இருக்குன்னு நாலு தடவ சொல்லியாச்சு. படத்தைப் பத்திப் பேச வந்தா படத்தைப் பத்திப் பேசுங்க லா.

லயத்து டீச்சர்:
ரெண்டு பேரும் சும்மா இருங்க. எனக்கு அந்தத் தீவுக் காட்சிதான் மனசுலயே நிக்குது. முதல் முதலா கரண்டு வந்ததைக் கொண்டாட தீவு சனமெல்லாம் கூடி நிக்கும், அங்க இந்த வித்தைக்காரர் வித்தை காட்டுவார். எங்க தோட்டத் தொழிலாளி லயத்துல சாயங்காலம் 7 மணிக்கு ஜெனரேட்டர் ஓடும், 10 மணிக்கு நின்னுடும். நிக்கறதுக்கு முன்ன பல்பு ஒரு தடவ மங்கும். அதைப் பார்த்ததும் எங்கம்மா பாயை விரிச்சிடுவாங்க. பகல் பூரா கரண்டு வந்த மொத நாள், எங்க பாட்டி மத்தியானம் 12 மணிக்கு விளக்கைப் போட்டு அதுக்குக் கீழே உக்காந்து வெத்தல போட்டாங்க. அந்தத் தீவுப் பொண்ணு வித்தையெல்லாம் நெசம்னு நம்புறது எனக்கு அதனாலதான் புரிஞ்சது. பிராக்னு இருந்திருந்தா இந்தக் காட்சி வந்திருக்குமா?

ரீல்பெட்டி:
டீச்சர், நானும் அந்தக் காட்சியில கண்ணைத் தொடைச்சவன்தான். நல்லா இருக்கு, யாரு இல்லேன்னா? பிராக் போற வழியில ஸ்காட்லாந்து தீவு எங்க வரும்னுதான் கேக்குறேன். ஊரை மாத்தினதும் வழி மாறுது. வழி மாறினதும் பொண்ணு மாறுறா. அந்தப் பொண்ணு இப்ப ஸ்காட்லாந்து கேலிக் மொழி பேசுறா, அவரு பிரெஞ்சுல முணுமுணுக்குறாரு. ஒரு ஊருதான்னு ஆரம்பிச்சது எங்க போய் நிக்குது பாருங்க.

தோட்டத்துப் பையன்:
நடுவுல ஒரு சந்தேகம். டாட்டியா தத்தியா? பிரெஞ்சுக்காரங்க தத்தின்னுதானே சொல்றாங்க?

ரீல்பெட்டி:
உலகமே கும்பிடுற இயக்குநரைத் தமிழ்ல தத்தின்னு எழுதுவீங்களா? வெளங்கும்.

தோட்டத்துப் பையன்:
உச்சரிப்பு அப்படித்தான்ணே. நான் என்ன செய்ய?

லயத்து டீச்சர்:
உச்சரிப்பு சரிதான் தம்பி. ஆனா நம்ம ஊர்ல யாராவது படிச்சா வேற அர்த்தம் எடுப்பாங்க. டாட்டின்னே இருக்கட்டும்.

தோட்டத்துப் பையன்:
அப்ப சௌகரியத்துக்குப் பேரை மாத்தலாம், ஊரை மட்டும் மாத்தக்கூடாது?

பெர்ஜுந்தைக்காரன்:
ஊர்ப் பேரை மாத்தறதுன்னு யாரோ சொன்னீங்க, அதனால வந்தேன். 2007-ல நம்ம ஊரை பெஸ்தாரி ஜெயான்னு ஆக்கினாங்க. பழைய பேரு அசிங்கமா கேக்குதாம். நூறு வருஷமா கங்காணியும் கிராணியும் பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொல்லி, அந்தப் பேர்லதான் பொறப்புச் சூரா (பிறப்புச் சான்றிதழ்) எடுத்தோம். டேவான் போஸ்டர்லயும் பெஸ்தாரி ஜெயான்னு போட்டிருந்தீங்க. யாரு போட்டது?

ஆத்தங்கரை:
நான்தான் போட்டேன். ரோடு போர்டுல அப்படித்தான் இருக்கு. வெளியூர்க்காரங்க வழி தேடும்போது அதைத்தானே பார்ப்பாங்க.

பெர்ஜுந்தைக்காரன்:
போர்டைப் பார்த்து வர்றவன் வரட்டும். நான் இனிமே உங்க படத்துக்கு வரல.

ரீல்பெட்டி:
நான் சொல்றதும் அதுவேதான்! பேரை மாத்தினா ஆத்துத் தண்ணி மாறாது, ஆனா ஆளுக்கு வலிக்குது இல்ல? டாட்டிக்கு வலிக்காதா?

ஆத்தங்கரை:
டாட்டிக்கு ஊருன்னா என்னன்னு டாட்டி படத்தையே பாருங்கண்ணே. 1967-ல ‘பிளேடைம்’ எடுத்தாரு. பாரிஸ்ல கதை. நெசப் பாரிஸ்ல எடுத்தாரா? ஊருக்கு வெளியில கட்டடம் கட்டடமா செட்டுப் போட்டு ஒரு நகரத்தையே எழுப்பினாரு. ஈஃபில் கோபுரம் கண்ணாடிக் கதவுல நிழலாத்தான் வரும். அந்தச் செலவுல கடனாகி, தன்னோட பழைய படங்களோட உரிமையையே இழந்தாரு. ஊரைக் கையால கட்டலாம்னு காட்டினவரே அவருதான். ஷோமே பென்சில்ல கட்டினாரு.

அதோட அவரு பாணியை எங்கயும் விடல. டாட்டி படத்துல கேமரா முகத்துக்குக் கிட்ட போகாது, தூரத்துல நிக்கும், கால் நடைய வச்சே ஆளைத் தெரிஞ்சிக்கணும். இதுலயும் அப்படியே. டாட்டி சாயல்லயே வரைஞ்ச வித்தைக்காரர் சட்டுனு ஒரு தியேட்டருக்குள்ள நுழைவார், திரையில நெச டாட்டியோட ‘மோன் ஓங்க்ள்’ படம் ஓடும். வரைஞ்ச டாட்டியும் நெச டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க. அந்த இடத்துல எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ரீல்பெட்டி:
செட்டுப் போட்டது அவரு. கதை அவரு. கடன் அவரு. பாரிஸைப் பாரிஸாத்தான் கட்டினாரு, பினாங்கா கட்டல. பிராக்குக்குப் பதில் வரல.

ஜப்பான் இயக்குநர் குரோசவா 1998-ல போனாரு. அவரு எழுதி வச்ச திரைக்கதைய, அவர்கிட்ட பல வருஷம் உதவி இயக்குநரா இருந்த கொய்சுமி 1999-ல படமாக்கினாரு. ஜப்பான் கதைய ஜப்பான்லயே எடுத்தாரு. அது மரியாதை.

ஆத்தங்கரை:
போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1996-ல போனாரு. அவரு இன்னொரு போலந்துக்காரர் கூட சேர்ந்து எழுதின கதைய ஜெர்மன்காரர் டாம் டிக்வர் 2002-ல எடுத்தாரு. அவரு உதவியாளரா என்ன? ஆள் யாருங்கறது முக்கியமில்லண்ணே. குடும்பம் குடுத்ததா இல்லையான்னு பாருங்க. டாட்டியோட மகள் சோஃபிதான் இந்தத் திரைக்கதையைப் பத்தி ஷோமேகிட்ட சொன்னாங்க. அப்பா வேஷத்துல இன்னொரு நடிகர் நிக்கறது அவங்களுக்குப் பிடிக்கல, அதனால வரையற படம்னா சரின்னாங்க. 2001-ல அவங்களும் போயிட்டாங்க. மகளே நம்பிக் குடுத்த பிறகு நமக்கு என்ன?

லயத்து டீச்சர்:
மகள்னு சொன்னீங்களே, எந்த மகள்? டாட்டிக்குக் கல்யாணத்துக்கு முன்னயே ஒரு பொண்ணு இருந்தாங்க, அவரு ஏத்துக்கவே இல்ல. படம் வந்த வருஷமே அந்தப் பொண்ணோட மகன் கடிதம் எழுதினாரு, ரோஜர் ஈபர்ட்ங்கற விமர்சகர் அதை வெளியிட்டாரு. இந்தக் கதையே கைவிட்ட அந்த மூத்த மகளை நெனச்சி டாட்டி எழுதினதுன்னு அந்தப் பேரன் சொல்றாரு. படத்தையோ சோஃபிக்குக் காணிக்கை ஆக்கியிருக்காங்க. படத்துல வித்தைக்காரர் அந்தப் பொண்ணுக்குச் சிவப்பு சப்பாத்து வாங்கிக் குடுக்குறாரு, கோட்டு வாங்கிக் குடுக்குறாரு, அதுக்காக ராத்திரி கராஜ்ல வேலை செய்றாரு. ஊரான் பொண்ணுக்கு இத்தனை செய்றவன் மனசுல என்ன இருக்கும்? நீங்க ரெண்டு பேரும் மேப்பை விரிச்சி வச்சி சண்டை போடுறீங்க. பெத்த பொண்ணை யாரும் கேக்கல.

ரீல்பெட்டி:
டீச்சர் சொல்றது எனக்குத்தான் சாதகம். யாருக்கு எழுதினதுன்னே தகராறு இருக்கறப்ப ஒரு வரியில கை வைக்கலாமா? பிராக்குல ஏன் கை வச்சாங்க?

லயத்து டீச்சர்:
உங்களுக்குச் சாதகமா நான் ஒண்ணும் சொல்லல.

செம்பனைக்காட்டான்:
அண்ணே, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குப் பிராக்கும் தெரியாது எடின்பரோவும் தெரியாது. எதுக்கு இவ்ளோ கோவம்?

ரீல்பெட்டி:
கேட்டுட்டே இல்ல, சொல்றேன்.

எங்கப்பா படக் கம்பெனி வேன்ல வர்ற ரீல்பெட்டியைத் தலையில தூக்கி ஸ்டோர்லருந்து திடலுக்குக் கொண்டு போனவரு. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல வெள்ளை வேட்டியைக் கட்டுவாங்க. அதுக்கு அந்தப் பக்கம் உக்காந்தும் படம் பார்ப்போம், எல்லாரும் இடக்கையால சாப்பிடுவாங்க. அதுல வளந்தவன் நான். பெரிசானதும் ஒரு நாடகம் எழுதினேன். ரப்பர் மரம் சீவின எங்கம்மா கதை. மொதல் காட்சி, விடியக்காலை 5 மணி. மேடை முழுக்க இருட்டு. நெத்தியில கட்டின விளக்கு மட்டும் மரத்துக்கு மரம் போகும். காய்ஞ்ச பாலை உரிக்கிற சத்தம், கத்தி பட்டையில எறங்கற சத்தம், பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தை நிமித்தி வைக்கிற சத்தம். பத்து மரம் தாண்டினப்புறம்தான் அவ முகமே தெரியும்.

ஒரு நாடகக் குழு கேட்டாங்க, குடுத்தேன். மேடையில பார்க்கறேன், கேமரன் மலை. தேயிலைத் தோட்டம்! பச்சையா இருந்தா பாக்கறவங்களுக்குப் பிடிக்குமாம். பட்டப்பகல்ல எங்கம்மா கூடையைக் கட்டிக்கிட்டுச் சிரிச்சிட்டு வர்றாங்க. கொழுந்து பறிக்கிறவளுக்கு நெத்தி விளக்கு எதுக்கு? விளக்கு போச்சு, இருட்டு போச்சு, எங்கம்மா போச்சு. போஸ்டர்ல மட்டும் என் பேரு இருந்துச்சு. அதான் கோவம். “உங்க கதைதானே, ஊருதானே மாறிச்சு”ன்னாங்க.

தோட்டத்துப் பையன்:
மனசுக்குக் கஷ்டமா இருக்குண்ணே.

ஆத்தங்கரை:
அண்ணே, அவங்க செஞ்சது அநியாயம். நான் இருந்தாலும் சண்டைதான் போட்டிருப்பேன். ஆனா அவங்க தேயிலைத் தோட்டத்தையும் பார்க்கல, பால்மரத்தையும் பார்க்கல. ஷோமே எடின்பரோவுல குடியிருந்து பார்த்தாரு. அந்தக் கடை ஜன்னல்ல பேசுற பொம்மை ஒண்ணு இருக்குமே, தெனம் வெலை கொறைஞ்சி கொறைஞ்சி கடைசியில இலவசம்னு எழுதி வச்சிருப்பாங்களே, அது தெருவுல நின்னு பார்த்தவன் வரைஞ்சது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க.

ரீல்பெட்டி:
கட்டுவேன். செத்தவருக்குச் சண்டை போட வாய் இல்ல. எனக்கு இருந்துச்சு, நானே தோத்தேன்.

ஆத்தங்கரை:
அப்ப செத்தவங்க கதையெல்லாம் பெட்டியிலேயே மக்கட்டுமா? நம்ம மலேசிய இயக்குநர் யாஸ்மின் அஹ்மத் 2009-ல போனாங்க. ‘டேலண்டைம்’ல காது கேக்காத தமிழ்ப் பையனைக் கதாநாயகனா வச்சவங்க. அவங்களோட ஜப்பானியப் பாட்டியைப் பத்தி ‘வசுரெனகுசா’ன்னு ஒரு படம் எடுக்க இருந்தாங்க, எடுக்கல. நல்ல கைக்காரங்க நாலு பேர் சேர்ந்து, குடும்பம் சரின்னா வரையலாம். நான் சம்பளமில்லாம உக்காருவேன்.

ரீல்பெட்டி:
வரைங்க. ஆனா ஜப்பான்ல நடக்கறது ஜப்பான்லயே நடக்கணும். கோலசிலாங்கூர்ல மின்மினிப்பூச்சி அழகா இருக்குன்னு பாட்டியைப் படகுல ஏத்திட்டு இங்க வந்துடாதீங்க.

ஆத்தங்கரை:
வந்தா என்ன? பேத்தி இந்த நாட்டுக்காரங்கதானே!

ரீல்பெட்டி:
பார்த்தீங்களா? இப்பவே மாத்திட்டாரு. இன்னும் பேப்பர்ல கோடு போடல.

செம்பனைக்காட்டான்:
அடுத்த மாசம் என்ன படம்னு முடிவு பண்ணிட்டீங்களா? டேவானுக்கு 80 வெள்ளி கட்டணும், வெள்ளிக்கிழமைக்குள்ள.

பெர்ஜுந்தைக்காரன்:
போஸ்டர்ல எந்தப் பேரு போடுவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க.

ஆத்தங்கரை:
ரெண்டு ஊர்ப் பேரையும் போடுறேன்.

பெர்ஜுந்தைக்காரன்:
எது மேல?

ரீல்பெட்டி:
80 வெள்ளிய என் டெபாசிட்டுல கழிச்சிக்க செம்பனை, மிச்சம் 70 குடு. ஆத்தங்கரை தம்பி, தூங்கப் போயிடாதீங்க. கடைசியில அந்த முயலை எடின்பரோ மலையில விட்டுட்டு ரயில் ஏறுறாரே, டாட்டி எழுதினதுல அவரு எந்த ஊரு ஸ்டேஷன்ல ஏறணும்? அதை மட்டும் சொல்லுங்க.