'பாசிவ்லி' என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம்? உதவி தேவை

கோத்தகிரி மாணவி:
வணக்கம். இங்கே ஒரு தங்கும் விடுதியின் ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கித் தருகிறேன். அதில் வீடு 'பாசிவ்லி ஹீட்டட்' என்று வருகிறது. அகராதியைப் பார்த்து 'செயலற்ற முறையில் சூடாக்கப்படும் வீடு' என்று எழுதினேன். விடுதிக்கார அக்கா படித்துவிட்டு, "ஹீட்டர் ரிப்பேர்னு நாமே சொல்லிக் கொடுக்கிறோமா?" என்கிறார். உறைபனி விழும் மாதத்தில் யார் வருவார்கள்! அதே குறிப்பில், அந்தக் காலத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை 'பாசிவ்லி' ஏற்றார்கள் என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போடலாமா?

குன்னூர்க்காரன்:
வேண்டாம் தங்கச்சி. வீட்டில் தெற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், தடித்த கல்சுவர் இருக்கிறதா? குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்வதால் வெயில் உள்ளே வரும். சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி மெல்ல விடும். 'ஹீட்டர் இல்லாமல் வெயிலிலேயே கதகதப்பாகும் வீடு' என்று எழுதுங்கள்.

கோத்தகிரி மாணவி:
ஜன்னல் இருக்கிறது அண்ணா! சரி, தொழிலாளர்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அங்கே 'மறுபேச்சில்லாமல்' போடம்மா. 'அமைதியாக' வேண்டாம், மனநிறைவோடு ஏற்றது போலாகிவிடும். இந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குப் பொறுத்தல், துன்பப்படுதல் என்று பொருள். ஆஸ்பத்திரி 'பேஷண்ட்' கூட அதே வேர்தான். ஆங்கிலத்தில் 'பாசிவ் வாய்ஸ்' என்கிற நம் செயப்பாட்டு வினையைப் பார்: அடிக்கப்பட்டான், விற்கப்பட்டது. அதே 'படு'தான் துன்பப்படுவதிலும் இருக்கிறது. எங்கோ இருக்கும் இரண்டு மொழிகளுக்கு ஒரே யோசனை! வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிரும். ஆக, செய்வது வேறொருவர், மேலே வந்து விழுவதைத் தாங்குவது இவர். சும்மா கிடப்பது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. காந்தி தென்னாப்பிரிக்காவில் முதலில் 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்றுதான் சொன்னார். பலவீனர்களின் ஆயுதம் என்று படுகிறதே என்று அதை விட்டு 'சத்தியாகிரகம்' என்றார்.

குன்னூர்க்காரன்:
ஐயா, பக்கத்தில் ஒருவர் பிடிக்கும் பீடிப் புகையை 'பாசிவ்லி' இழுப்பது என்கிறார்களே?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அதுவும் படுவதுதானே தம்பி. 'அடுத்தவர் புகையைச் சுவாசிக்க நேர்வது' என்றால் போதும்.

கோத்தகிரி மாணவி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. எழுதிக் கொடுத்துவிட்டேன். வெயில் வரி அக்காவுக்குப் பிடித்துப்போனது. கூலி வரியை மட்டும் "விருந்தாளிக்கு எதுக்கு அதெல்லாம்" என்று எடுக்கச் சொன்னார். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டேன்.