ஓடுபாதை ‘ரீசர்ஃபேசிங்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

துவாலு நாட்டின் ஃபுனாஃபுட்டி விமான நிலையத்தைப் பற்றிப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பசிபிக் நடுவே ஒரு வட்டப் பவளத்திட்டு. நிலம் மிக அகலமாக உள்ள இடமே ஏறத்தாழ 400 மீட்டர்தான். அங்கேதான் ஒன்றரைக் கிலோமீட்டர் நீள ஓடுபாதை கிடக்கிறது. 1943இல் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவு பவளக்கல்லைத் தோண்டிப் பரப்பி அமைத்தது. தோண்டிய பள்ளங்கள் உவர்நீர்க் குட்டைகளாகவே கிடந்து, 2015இல்தான் காயல் மணலால் நிரப்பப்பட்டன. உலக வங்கியின் பசிபிக் விமானப் போக்குவரத்து முதலீட்டுத் திட்டத்தில் ஓடுபாதைக்கும் பணி நடந்தது.

அந்தப் பணியின் பெயரில்தான் சிக்கிக்கொண்டேன். ஓடுபாதையின் மேற்பகுதிக்குப் புதுத் தார் போடும் ‘ரீசர்ஃபேசிங்’ என்பதற்கு ‘மறுபரப்பிடல்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி, “எதைப் பரப்புகிறார்கள்?” என்று கேட்டார். ‘சீரமைப்பு’ என்றால் விளக்கு மாற்றுவதும் வேலி கட்டுவதும் அதற்குள் வந்துவிடுகின்றன. ‘மறுதளமிடல்’ எப்படி?

– ந.

*

ந. அவர்களுக்கு,

மறுபரப்பிடல் வேண்டாம், மாணவி கேட்டது சரி. மறுதளமிடலும் வேண்டாம். தளம் என்றால் அடியிலிருந்து எல்லாம் சேர்ந்தது. முழுவதையும் பெயர்த்துப் புதிதாகக் கட்டும் நாள் வரும். அந்தச் சொல்லை அதற்கு எடுத்து வையுங்கள்.

நெடுஞ்சாலைப் பணியில் இருந்தவன் என்பதால் வேலையின் பக்கமிருந்து சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுவது ஒன்று. பழையதைச் சுரண்டி எடுத்து அதே மட்டத்துக்குப் புதியது போடுவது மற்றொன்று. தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாலை உயர உயர வீட்டு வாசல் பள்ளமாகி மழைநீர் உள்ளே வந்ததைப் பார்த்தவர்கள் நாம். சுரண்டாமல் மேலே தார் போடாதீர்கள் என்று 2021இல் தலைமைச் செயலரே எழுத வேண்டி வந்தது. ஓடுபாதை உயர்ந்தால் அதன் ஓர விளக்குகளும் இருபுற மண்தரையும் அதற்கேற்ப உயர வேண்டும். ஆகவே பொதுச் சொல் ஒன்றும் கிளைச் சொல் இரண்டும் தேவை. என் முன்மொழிவு: மேலடுக்குப் புதுக்கல், அதற்குள் மேலடுக்கு ஏற்றல், மேலடுக்கு மாற்றல்.

ஃபுனாஃபுட்டியில் இந்தப் பிரிவு இன்னும் முக்கியம். மூழ்கும் எரிமலையின் மேல் பவளம் வளர்ந்தே இத்தகைய தீவுகள் உருவாகின்றன என்ற டார்வினின் கோட்பாட்டைச் சோதிக்க லண்டன் ராயல் சொசைட்டி அங்கேதான் துளையிட்டது. 1898இல் 1,114 அடி ஆழம் போனார்கள். எரிமலைப் பாறை தட்டுப்படவே இல்லை. அதாவது, அங்கே கையில் கிடைப்பது பவளக்கல்தான். பவளக்கல்லை நனைத்து உருட்டினால் நன்றாக இறுகும், அடியடுக்குக்குப் போதும். விமானச் சக்கரம் படும் மேலடுக்குக்கோ கடினமான ஜல்லி வேண்டும். அது கப்பலில் வந்தாக வேண்டும். பக்கத்துப் பெரிய துறைமுகமான சுவாவே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். தாரும் அப்படித்தான், தார் காய்ச்சும் எந்திரமும் அப்படித்தான். நம் ஊரில் சுரண்டிய பழைய தாரை லாரியில் ஏற்றி எங்காவது கொட்டிவிடுகிறோம். அங்கே அதில் உள்ள ஒவ்வொரு கல்லும் கப்பல் கூலி கொடுத்து வந்த சரக்கு. எனவே கட்டுரையில் அதற்குக் ‘கழிவு’ என்று எழுதிவிடாதீர்கள். ‘சுரண்டல்’ என்றும் முடியாது, அது அரசியல் மேடைக்குப் போய்விட்ட சொல்! ‘சுரண்டுதார்’ என்று நான் எழுதுவேன்.

இன்னொரு சொல்லும் உங்களுக்குத் தேவைப்படும். ஓடுபாதை ஒன்றுதான், விமானம் வரும் நாளில் வேலையை ஏறக்கட்டி அதைத் திறந்துவிட வேண்டும். புதுத் தார் முடியும் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் படி நிற்கும். சக்கரம் அதில் மோதக் கூடாது என்பதால் அந்தப் படியைத் தற்காலிகமாகச் சரித்து விடுவார்கள். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் விமான நிலையங்களுக்கான 14ஆம் இணைப்பு இதற்கு அளவே வைத்திருக்கிறது: அடுக்கு 5 சென்டிமீட்டர் வரை என்றால் சரிவு 0.5 முதல் 1 விழுக்காடு. அதற்கு மேல் தடிமன் என்றால் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் இறங்கவே ஐந்து முதல் பத்து மீட்டர் நீளம் ஆகிறது. வேலையை எந்த முனையில் தொடங்குவது என்பதற்கும் விதி உண்டு: பெரும்பாலான விமானங்கள் புதுத் தாரிலிருந்து பழைய தாருக்கு இறங்கி ஓட வேண்டும், ஏறி ஓடக் கூடாது. இதற்கு ‘சாய்தளம்’ என்று எழுதினால் சக்கர நாற்காலிக்கான பாதைதான் கண்முன் வரும். ‘இணைப்புச் சரிவு’ என்று வைக்கலாம்.

– செ.

*

செ. ஐயாவுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

‘அடுக்கு’ என்றதும் அடுக்குமாடிதான் எனக்கு நினைவு வருகிறது. அதே பொருளில் ‘படை’ நல்ல பழைய சொல்லல்லவா, ‘மேற்படை’ என்றால் என்ன? எழுதிய பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது: கடற்படை போட்ட பாதையில் மேற்படை ஏற்றினார்கள் என்று எழுதினால் தீவைப் பிடித்துவிட்டார்கள் என்றே வாசகர் நினைப்பார். சரி, மேலடுக்கே இருக்கட்டும்.

‘மேல்’ என்ற பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பவளத்திட்டில் தண்ணீர் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை. ஃபுனாஃபுட்டியில் பெரிய வேலியேற்றக் காலங்களில் நிலத்தின் துளைகள் வழியே கடல்நீர் கீழிருந்து ஊறி மேலே வருகிறது, ஓடுபாதையை ஒட்டிய தரையிலும்கூட. மேலே நீர் புகாத தார் போட்டு, அடியில் ஈரம் சிக்கிக்கொண்டால், வெயிலில் ஆவி அழுத்தித் தார் உப்பும். இந்த நோய் புதிய மேலடுக்கால் தீராது. ‘ஓடுபாதை புதுப்பிப்பு’ என்று பொதுவாக எழுதினால் தீர்ந்துவிட்டதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடும். அந்த உப்பலுக்குக் ‘கொப்புளம்’ என்றே எழுதலாம், மருத்துவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

இணைப்புச் சரிவை ஏற்க முடியவில்லை. எதை எதோடு இணைக்கிறது என்று தெரியவில்லை. ‘தற்காலிக வாட்டம்’?

– யோ.

*

யோ. அவர்களுக்கு: வாட்டம் கொத்தனார் சொல். தண்ணீர் வடிய விடும் சாய்வுக்கு அது ஏற்கெனவே உரியது. ஓடுபாதையின் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் உள்ள சாய்வைக் ‘குறுக்கு வாட்டம்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது. ‘முனைச் சரிவு’ என்றால் ஒப்புக்கொள்வீர்களா? புதுத் தாரின் முனையில் இருப்பது, அவ்வளவுதான்.

– செ.

*

முனைச் சரிவுக்குச் சம்மதம். – யோ.

*

இருவருக்கும் நன்றி. மேலடுக்குப் புதுக்கல், ஏற்றல், மாற்றல், சுரண்டுதார், முனைச் சரிவு, குறுக்கு வாட்டம், கொப்புளம் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். மேலடுக்கிலிருந்து கல் உதிர்வதற்குப் புதுச் சொல் தேட மாட்டேன். ‘ஜல்லி பெயர்தல்’ எல்லா ஊரிலும் இருக்கிறது. ஃபிஜியிலிருந்து வரும் ஏடிஆர் விமானத்தின் சுழல்விசிறிக்கு அந்தப் பெயர்ந்த ஜல்லிதான் எமன் என்பதை மட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இனி ஒன்று மீதி. விமானம் வருமுன் அங்கே சங்கு ஊதுகிறார்கள். அதுவரை பந்தாடும் பிள்ளைகளும் குறுக்கே போகும் மோட்டார் சைக்கிள்களும் ஓடுபாதையில்தான். தார் சூடு ஆறும்வரை இவர்களையும் தடுத்து வைக்க வேண்டும் அல்லவா? அந்த இடைவெளிக்கு ‘ஆறுநேரம்’ என்று எழுதியிருக்கிறேன். ஆறு மணி நேரம் என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று ஐயமாக இருக்கிறது. ‘ஆறவிடு நேரம்’ என்று நீட்டலாமா?

– ந.